கண்ணாடியில் புதைந்த பொன்னும் அயனிக் கதிரும்

சிவந்த கண்ணாடிக் கிண்ணம் ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது, அச்செம்மை எங்கிருந்து வந்தது என்னும் வினா நம்மிற் பலருக்கு எழுவதில்லை. துணிக்குச் சாயம் ஏற்றுவது போலக் கண்ணாடிக்கும் ஏதோ ஒரு சாயம் ஏற்றியிருப்பார்கள் என்று எண்ணி அமைந்துவிடுகிறோம். சிவப்புக் கண்ணாடிகள் எல்லாம் ஒரே வகையின அல்ல. செலீனியமும் காட்மியமும் சேர்ந்து சிவப்பாக்கியவை உண்டு. செம்பினால் சிவந்தவையும் உண்டு. ஆனால் பழம்பெருமை வாய்ந்த மாணிக்கக் கண்ணாடி பொன்னால் சிவந்தது. மஞ்சள் நிறமுள்ள பொன் கண்ணாடிக்குள் புகுந்ததும் செந்நிறம் தருவது ஒரு வியப்பு. அவ்வாறு புதைந்து கிடக்கும் பொன் துகளைக் கண்ணாடியை உடைக்காமலும், உலையில் இடாமலும், இருந்த இடத்திலேயே நீட்டவும் தேய்க்கவும் கரைக்கவும் இயலும் என்பது அதனினும் பெரிய வியப்பு. அதனைச் செய்யும் கருவியே அயனிக் கதிர். அது செயற்படும் முறையை நேயர்களுக்கு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் பொன்னின் நிறத்தைப் பார்ப்போம். லண்டன் நகரத்துப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் லைக்கர்கஸ் கிண்ணம் என்னும் உரோமானியக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. அது கி.பி. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. வெளியே இருந்து ஒளி படும்போது அது பச்சையாகத் தோன்றும். உள்ளே விளக்கை வைத்தால் செக்கச் செவேலென்று ஒளிரும். அக்கண்ணாடியில் வெள்ளியும் பொன்னும் கலந்த மிகச் சிறு துகள்கள் விரவிக் கிடப்பதே இதற்குக் காரணம் என்று பிற்கால ஆராய்ச்சி காட்டியது. அதனைச் செய்த கைவினைஞர் காரணத்தை அறிந்திருக்க இயலாது. பக்குவத்தை மட்டும் அறிந்திருந்தனர்.

காரணத்தைத் தேடிய முதல் பெருமகன் மைக்கேல் ஃபாரடே. அவர் 1857இல் பொன்னை நீரில் மிக நுண்ணிய துகள்களாகப் பிரித்து, அந்நீர் மாணிக்கம் போலச் சிவந்து நிற்பதைக் காட்டினார். அவர் அன்று செய்த கரைசல்களிற் சில லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இன்றும் நிறம் மாறாமல் காப்பாற்றப்பட்டு வருகின்றன. 1903இல் ஜீடன்டாஃப், சிக்மண்டி என்னும் இருவர் ஒரு புதுவகை நுண்ணோக்கியைச் செய்து, மாணிக்கக் கண்ணாடிக்குள் இருக்கும் பொன் துகள்கள் தனித்தனி ஒளிப் புள்ளிகளாக மின்னுவதைக் கண்டனர். 1908இல் குஸ்டாவ் மீ என்னும் ஜெர்மானியப் பௌதிக அறிஞர் இந்நிறத்துக்குக் கணித விளக்கம் தந்தார்.

அவ்விளக்கத்தின் சாரம் எளிது. உலோகத்தில் கட்டற்றுத் திரியும் எலெக்ட்ரான்கள் ஏராளம் உண்டு. உலோகம் மிகச் சிறு துகளாக இருக்கும்போது, அதன் மேல் விழும் ஒளியலை இந்த எலெக்ட்ரான் கூட்டம் முழுவதையும் ஊஞ்சலை ஆட்டுவது போல முன்னும் பின்னும் ஆட்டுகிறது. ஊஞ்சலுக்கு இயல்பான ஓர் ஆட்ட வேகம் உண்டு. அதற்கு ஒத்து உந்தினால் அது வெகுவாக ஆடும். அதுபோலவே ஒரு குறிப்பிட்ட நிற ஒளிக்கு மட்டும் எலெக்ட்ரான் கூட்டம் மிகுதியாக இசைந்து ஆடி, அந்நிறத்தை விழுங்கிவிடுகிறது. கண்ணாடியில் உள்ள உருண்டையான பொன் துகள் ஏறக்குறைய 520 முதல் 530 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள பச்சை ஒளியை விழுங்குகிறது. எஞ்சி வரும் ஒளியில் செம்மை மேலோங்குகிறது. வெள்ளித் துகளாயின் 400 நானோமீட்டரை ஒட்டிய ஊதா ஒளி விழுங்கப்படும். ஆதலால் கண்ணாடி மஞ்சளாகத் தோன்றும். துகளின் உலோகம் மாறினாலும், வடிவம் மாறினாலும், சூழ்ந்துள்ள பொருள் மாறினாலும் நிறமும் மாறும். இதனை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும்.

இத்துகளின் அளவு எத்தகையது? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்கு செய்தால் அவற்றில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். பத்து நானோமீட்டர் குறுக்களவு கொண்ட பொன் உருண்டை ஒன்றில் ஏறக்குறைய 30,000 அணுக்கள் அடங்கும். அவை குவியலாகக் கிடப்பதில்லை. பெரிய பொற்கட்டியில் இருப்பது போலவே வரிசை பிறழாமல் அடுக்கப்பட்டுள்ளன. ஆதலின் இத்துகளை நானோ படிகம் அல்லது நுண்படிகம் என்கிறோம். அதனைச் சூழ்ந்துள்ள கண்ணாடியிலோ இத்தகைய நெடிய ஒழுங்கு இல்லை.

இனி அயனி என்பதைப் பார்ப்போம். மொழிபெயர்ப்பை நாள்தோறும் தொழிலாகக் கொண்ட என் போன்றோர்க்கு இச்சொல்லில் ஓர் ஈடுபாடு உண்டு. செல்வது என்னும் பொருள்படும் கிரேக்கச் சொல்லைக் கொண்டு, 1834இல் இதனை வழக்கிற்குக் கொண்டுவந்தவரும் அதே ஃபாரடேதான். தமிழில் அதன் ஒலியையே தழுவி அயனி என்கிறோம். நடுநிலையில் உள்ள அணு தன் எலெக்ட்ரான்களிற் சிலவற்றை இழந்தாலோ, மிகுதியாக ஏற்றாலோ மின்னூட்டம் பெறுகிறது, அதுவே அயனி. மின்னூட்டம் இருப்பதால் அதனை மின்னழுத்தத்தால் இழுக்கலாம், விரைவுபடுத்தலாம், காந்தத்தால் திருப்பலாம். இங்ஙனம் ஒரே திசையில் விரையும் அயனிகளின் ஒழுக்கே அயனிக் கதிர்.

இதற்குரிய பெருங்கருவி ஒன்று தலைநகர் தில்லியிலேயே இருக்கிறது. ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தின் பக்கம் வாழும் தமிழ் அன்பர்கள் பலர் அதன் வாயிலைக் கடந்து சென்றிருக்கக்கூடும். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆதரவில் 1984இல் நியூக்ளியர் சயன்ஸ் சென்டர் என்ற பெயரில் தோன்றி, இன்று பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையம் என விளங்கும் நிலையம் அது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் பல்கலைக்கழக மாணவர்கள் தம் மாதிரிகளை எடுத்துக்கொண்டு அங்கு வருகின்றனர். அங்குள்ள பெல்லட்ரான் என்னும் முடுக்கி, செங்குத்தாக நிறுத்தப்பட்ட ஒரு மாபெரும் எஃகுத் தொட்டிக்குள் அமைந்தது. தொட்டியின் நடுவே கோடிக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் நிலைநிறுத்தப்படுகிறது.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நடுமுனையில் 1 கோடியே 20 லட்சம் வோல்ட் நேர்மின்னழுத்தம் இருப்பதாகக் கொள்வோம். ஓர் எலெக்ட்ரானை மிகுதியாக ஏற்ற வெள்ளி அயனி மேலிருந்து அதனை நோக்கி இழுக்கப்பட்டு, 1 கோடியே 20 லட்சம் எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலைப் பெறுகிறது. நடுமுனையில் உள்ள மெல்லிய கரித்தகட்டின் ஊடே அது பாயும்போது பல எலெக்ட்ரான்கள் உரிந்துபோகின்றன. ஒன்பது நேர்மின்னூட்டங்களுடன் வெளிவரும் அயனியை அதே முனை இப்போது கீழ்நோக்கி விலக்கித் தள்ளுகிறது. அதனால் முன் பெற்றதைப் போல் ஒன்பது மடங்கு ஆற்றல் மேலும் சேர்கிறது. ஆக மொத்தம் 12 கோடி எலெக்ட்ரான்-வோல்ட். அந்நிலையில் வெள்ளி அயனியின் வேகம் நொடிக்கு 14,000 கிலோமீட்டருக்கு மேல். அதாவது ஒளியின் வேகத்தில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.

இத்தகைய விரைவு அயனி கண்ணாடிக்குள் நுழைந்தால் நிகழ்வது யாது? அணுக்களை நேருக்கு நேர் மோதித் தள்ளிக்கொண்டு செல்லும் என்றே முதலில் நினைக்கத் தோன்றும். அவ்வளவு வேகத்தில் அத்தகைய மோதல் மிக அரிது. அயனி தன் ஆற்றலைப் பெரும்பாலும் வழியில் உள்ள எலெக்ட்ரான்களுக்கே வழங்குகிறது. சிலிக்காக் கண்ணாடியில் ஒவ்வொரு நானோமீட்டர் தொலைவுக்கும் பத்தாயிரம் எலெக்ட்ரான்-வோல்ட்டுக்கு மேல் இவ்வாறு இறைத்துச் செல்கிறது. கிளர்ந்தெழுந்த எலெக்ட்ரான்கள் தம் ஆற்றலை அணுக்களுக்குக் கைமாற்றுகின்றன. ஒரு பிக்கோ நொடி, அதாவது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள், அயனி சென்ற வழியை ஒட்டிய மெல்லிய உருளை வடிவான பகுதி உருகிவிடுகிறது. அதன் குறுக்களவு ஏறக்குறைய பத்து நானோமீட்டர். சுற்றியுள்ள கண்ணாடி குளிர்ந்திருப்பதால் வெப்பம் விரைவில் பரவி, நூறு பிக்கோ நொடி கடப்பதற்குள் உருகிய பகுதி பெரும்பாலும் மீண்டும் இறுகிவிடுகிறது. ஆயினும் அது பழைய நிலைக்கு முற்றிலும் திரும்புவதில்லை. நடுவே சற்று அடர்த்தி குறைந்தும், புறத்தே சற்று அடர்த்தி மிகுந்தும் ஒரு வடு நிலைத்துவிடுகிறது. இதற்கு அயனித் தடம் என்று பெயர்.

தூய பொற்கட்டியில் இவ்வாறு நேர்வதில்லை. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் தடையின்றி ஓடுவதால், அயனி தந்த ஆற்றலை அவை நொடிப்பொழுதில் நெடுந்தொலைவுக்குக் கொண்டு சென்று கலைத்துவிடுகின்றன. ஆகவே பொன்னை மட்டும் கதிரில் வைத்தால் அதன் உருவம் இம்முறையில் மாறுவதில்லை. நெதர்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் பங்கேற்று 2004இல் வெளியான ஓர் ஆய்வு இதனைத் தெளிவாக உணர்த்தியது. பொன் உருண்டைகளைத் தனியே கதிர்வீச்சுக்கு ஆளாக்கியபோது அவை உருண்டையாகவே இருந்தன. அதே போன்ற பொன் உருண்டைகளைச் சிலிக்கா ஓட்டுக்குள் பொதிந்து வைத்தபோது, ஓடு கதிரின் குறுக்கே பரந்து தட்டையாயிற்று. உள்ளிருந்த பொன்னோ கதிரின் திசையில் நீண்டு கோலாயிற்று. எனவே பொன் உருமாறுவதற்குச் சூழ்ந்துள்ள கண்ணாடியின் துணை இன்றியமையாதது என்பது பெறப்பட்டது.

இம்மாற்றத்தைப் பல நாட்டு ஆய்வாளர்களும் கண்டறிந்துள்ளனர். பிரான்சில் 2003இல் கோபால்ட் துகள்களில் இது காணப்பட்டது. தில்லி மையத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள் அயல்நாட்டாருடன் சேர்ந்து, சிலிக்காவில் புதைந்த பொன் துகள்கள் அயனிக் கதிரால் நீண்டதை 2007இல் வெளியிட்டனர். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பங்கேற்று 2011இல் வெளியான ஆய்வு, வெவ்வேறு உலோகங்களின் உருகும் இயல்பு இம்மாற்றத்தை எவ்வாறு கட்டுப்படுத்துகிறது என்பதை ஒப்பிட்டுக் காட்டியது.

கம்பி இழுக்கும் தட்டாரின் வேலையை நேயர்கள் பார்த்திருக்கலாம். எஃகுத் தகட்டில் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் துளைகளின் வழியே பொன்னை இழுத்து அவர் கம்பியாக்குவார். துளையின் அகலம் எதுவோ, அதுவே கம்பியின் பருமன். கண்ணாடிக்குள் நடப்பதும் ஓரளவு இதனை ஒத்ததே. இழுக்கும் கை மட்டும் இங்கு இல்லை. அயனி பாய்ந்ததும் பொன் துகளும் அதன் மேலும் கீழும் உள்ள சிலிக்காத் தடமும் ஒருசேர உருகுகின்றன. உருகிய பொன் விரிவடைகிறது. பக்கவாட்டில் குளிர்ந்த கண்ணாடி சுவர் போல் நிற்கிறது. மேலும் கீழும் தடத்தின் நடுவே அடர்த்தி குறைந்த, இளகிய வழி இருக்கிறது. பொன் அவ்வழியே சிறிது பிதுங்கி நுழைகிறது. திரும்பி உருண்டையாவதற்குள் எல்லாம் இறுகிவிடுகின்றன. கணிப்பொறியில் அணு அணுவாகக் கணக்கிட்டு 2014இல் வெளியான ஆய்வு இவ்விளக்கத்துக்கு வலுவூட்டியது.

ஓர் அயனியால் விளையும் நீட்சி மிகச் சிறிது. ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில் ஒரு கோடி கோடி அயனிகள் வீழும் அளவுக்குக் கதிரைச் செலுத்தினால், பத்து நானோமீட்டர் அகலமுள்ள தடம் ஒவ்வோர் இடத்தின் மேலும் சராசரியாக எழுபது எண்பது முறை வந்து படியும். அத்தனை முறையும் சிறிது சிறிதாக நீண்ட துகள், இறுதியில் கோல் வடிவம் அடைகிறது. எல்லாக் கோல்களும் கதிர் வந்த திசையையே நோக்கி அணிவகுத்து நிற்கும். அயனிகளோ மெல்லிய கண்ணாடிப் படலத்தைத் துளைத்துக்கொண்டு அப்பாற் சென்று, அடியில் உள்ள தாங்கு தகட்டில் ஓய்ந்துவிடுகின்றன.

எல்லாத் துகள்களும் ஒரே வகையாக மாறுவதில்லை என்பதையும் கூறவேண்டும். தடத்தின் அகலத்தினும் சிறிய துகள் முழுவதும் உருகிய குழம்புக்குள் அகப்பட்டுக்கொள்கிறது. அது நீளுவதற்கு மாறாக, அணுக்களைச் சிலிக்காவுக்கு இழந்து மெல்லத் தேய்ந்து கரைகிறது. தடத்தினும் ஓரளவு பெரிய துகள் நீள்கிறது. அதன் பருமன் தடத்தின் அகலத்தை ஒட்டிய ஓர் எல்லை வரை குறைந்து, அதற்குமேல் குறையாமல் நின்றுவிடுகிறது. மிகப் பெரிய துகளையோ ஓர் அயனி தரும் வெப்பம் முழுமையாக உருக்க இயலாது. ஆதலின் அது பெரும்பாலும் தன் உருவை இழப்பதில்லை. ஒரே கதிர், ஒரே கண்ணாடி, ஒரே பொன்; ஆயினும் அளவு வேறுபாட்டால் ஒன்று கரைகிறது, ஒன்று நீள்கிறது, ஒன்று அசையாது நிற்கிறது. சிறு துகள்கள் இழந்த அணுக்கள் அருகில் உள்ள பெரிய துகள்களைச் சென்று சேர்வதும் உண்டு.

இதுகாறும் விரைவு அயனிகளைப் பற்றிக் கூறினோம். வேகம் குறைந்த அயனிகளின் செயல் வேறு. சில லட்சம் எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடன் வரும் கனமான அயனி, கேரம் ஆட்டத்தில் அடிக்கும் காய் மற்றக் காய்களைச் சிதறடிப்பது போல, அணுக்களை நேராக மோதி இடம்பெயர்க்கிறது. பொன் துகளின் மேற்பரப்பில் உள்ள அணுக்கள் தெறித்துச் சுற்றியுள்ள கண்ணாடிக்குள் விழுகின்றன. அவற்றிற் சில மீண்டும் தாய்த்துகளை அடைகின்றன. சில தமக்குள் கூடி, தாய்த்துகளைச் சுற்றிக் குஞ்சுகள் போன்ற சிறு துகள்களாக அமைகின்றன. வெப்பத்தால் மட்டும் துகள்கள் மாறும்போது சிறியவை அழியப் பெரியவை கொழுக்கும். இங்கோ தக்க சூழலில் பெரியவை தேயச் சிறியவை வளர்ந்து, எல்லாம் ஏறக்குறைய ஓரளவாகிவிடுவதும் உண்டு. மேலும், பொன் அயனிகளையே வேகம் குறைத்துச் செலுத்தினால் அவை கண்ணாடிக்குள் தங்கிவிடும். பின்னர் அக்கண்ணாடியைச் சூடேற்றினால் அவை ஒன்றுகூடிப் புதிய நுண்படிகங்களாகும். ஆக, பொன்னை விதைக்கவும், வளர்க்கவும், செதுக்கவும், அழிக்கவும் அயனிக் கதிர் பயன்படுகிறது. எது நிகழும் என்பதை அயனியின் வேகமும், துகளின் அளவும், கதிரின் மிகுதியும் சேர்ந்து முடிவு செய்கின்றன.

இதனால் ஆகும் பயன் என்ன என்று நேயர்கள் கேட்கலாம். உருண்டைத் துகளுக்கு எல்லாத் திசையும் ஒன்றே. கோல் வடிவத் துகளுக்கோ நீளம் ஒன்று, அகலம் ஒன்று. ஒளியலையின் அதிர்வு கோலின் நெடுக்குவாக்கில் அமைந்தால், எலெக்ட்ரான் கூட்டம் நீண்ட ஊஞ்சல் போல மெதுவாக ஆடி, சிவப்பு அல்லது கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியை விழுங்கும். அதிர்வு குறுக்குவாக்கில் அமைந்தால் ஏறக்குறையப் பழைய பச்சை ஒளியையே விழுங்கும். எனவே ஒளியின் அதிர்வுத் திசையைப் பிரித்தறியும் இயல்பு அக்கண்ணாடிக்கு வாய்க்கிறது. ஒளியைக் கொண்டு செய்தி அனுப்பும் நுண்கருவிகளுக்கு இவ்வியல்பு பயன்படக்கூடியது. கோபால்ட் போன்ற காந்த உலோகமாயின், நீண்ட துகள் தன் நெடுக்குத் திசையிலேயே எளிதில் காந்தமாகும். இவையெல்லாம் இன்றளவில் பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தைச் சார்ந்த பொருள்களே. கடைத்தெருவுக்கு வந்துவிட்ட பண்டங்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

இவ்வாராய்ச்சி நம் அனைவர் நலத்தையும் தொடும் இடம் மற்றொன்று உண்டு. அணுமின் நிலையங்களில் பயன்பட்ட எரிபொருளை மறுபக்குவம் செய்யும்போது கடுங்கதிர் வீசும் கழிவு மிஞ்சுகிறது. அதனைப் போரோசிலிக்கேட் கண்ணாடியோடு சேர்த்து உருக்கி, உறைய வைத்துக் காப்பது உலக வழக்கம். நம் நாட்டில் தாராப்பூர், டிராம்பே, கல்பாக்கம் ஆகிய இடங்களில் இதற்கென நிலையங்கள் அமைக்கப்பட்டன. அக்கழிவில் உள்ள பல்லேடியம், ரோடியம், ருத்தீனியம் முதலியவை கண்ணாடியில் நன்கு கரைவதில்லை. நுண்துகள்களாகத் தனித்தே நிற்கின்றன. கண்ணாடிக்குள் இருக்கும் கன அணுக்கள் சிதைந்து ஆல்ஃபாத் துகளை வெளிவிடும்போதெல்லாம், துப்பாக்கி பின்னுக்கு உதைப்பது போல, எஞ்சிய கரு ஏறத்தாழ ஒரு லட்சம் எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடன் பின்னோக்கிப் பாய்கிறது. அஃது ஓர் அயனியே. மேலே கூறிய இரண்டாம் வகையைச் சேர்ந்தது. அதாவது, அக்கண்ணாடி தன்னுள்ளேயே ஓர் அயனிக் கதிரை வைத்துக்கொண்டிருக்கிறது. பல்லாயிரம் ஆண்டுகள் அது தொடர்ந்து நடைபெறும்.

அத்தனை ஆண்டுகள் காத்திருந்து பார்க்க யாராலும் இயலாது. முடுக்கியின் கதிரில் அத்தகைய கண்ணாடியை வைத்து, நெடுங்காலத்து மோதல்களைச் சில மணி நேரத்தில் உண்டாக்கி, அது விரிகிறதா, வெடிக்கிறதா, உறுதியாக நிற்கிறதா என்று ஆய்வாளர்கள் சோதிக்கின்றனர். சிலிக்காவில் புதைந்த பொன் துகளைப் பற்றி அறிந்ததை அப்படியே கழிவுக் கண்ணாடிக்குப் பொருத்திவிட முடியாது; இரண்டின் கலவையும் வேறு. ஆயினும் அயனியின் ஆற்றல் எவ்வழியே கண்ணாடிக்குச் செல்கிறது, அணுக்கள் எவ்வாறு இடம் மாறுகின்றன, உலோகமும் கண்ணாடியும் சேரும் விளிம்பில் என்ன நிகழ்கிறது என்னும் அடிப்படை அறிவு இரண்டுக்கும் பொது. பின்வரும் தலைமுறைகளின் கையில் நாம் ஒப்படைக்கும் அக்கண்ணாடியின் உறுதியை இன்று மதிப்பிடுவதற்கு இவ்வறிவு துணை நிற்கிறது.

உரோமானியக் கைவினைஞர் உலையின் பக்குவத்தால் பெற்ற நிறத்தை, நாம் இன்று அயனியின் வேகத்தையும் எண்ணிக்கையையும் அளந்து மாற்றக் கற்றிருக்கிறோம். கதிர்வீச்சு என்றதும் அழிவு ஒன்றே நம் நினைவுக்கு வருவது இயல்பு. அழிக்கும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதில் ஐயமில்லை. சிறு துகள் கரைந்து மறைவதை மேலே கண்டோம். அதே கதிர், அதே கண்ணாடியில், சற்றே பெரிய துகளை ஒழுங்கான கோலாக வடிக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு சில நானோமீட்டரே. அவ்வேறுபாட்டை அளந்தறிவதற்காகவே நம் நாட்டு இளைஞர்கள் பலர் தில்லியின் முடுக்கிக் கூடத்தில் இரவு பகல் பாராமல் முறை வைத்துக் காத்திருக்கின்றனர்.